தையல் மெஷின் ஓடும்போது குந்தவை பேசினால்: ஓர் ஒலிப்புத்தகச் செயலி பற்றி

முதலில் நான் எப்படிக் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இந்த விமர்சனம் உங்களுக்கு உதவாது. நான் ரவிக்கை தைப்பவள். காலையிலிருந்து மாலை வரை கண்ணும் கையும் துணியோடு இருக்கும், காதுக்கு மட்டும் வேலை இல்லை. அதனால் புத்தகம் எனக்குக் கேட்கிற பொருளாகிவிட்டது. கேட்பதிலும் சரித்திர நாவல்தான் பிடிக்கும், அதிலும் பெண் நடுவில் நிற்கிற கதை. போர்க்களம் வந்தால் ஓவர்லாக் அடிக்கப் போய்விடுவேன். அந்தப்புரத்தில் இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் மெஷினை நிறுத்திவிடுவேன்.

இப்போது கேட்டுக்கொண்டிருப்பது மாதச் சந்தா கட்டும் ஒரு தமிழ் ஒலிப்புத்தகச் செயலியில். பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி இந்த வகைச் செயலிகள் பலவற்றுக்கும் பொருந்தும், ஒன்றை மட்டும் பிடித்து அடிப்பது நியாயமில்லை. நீங்கள் எதில் கேட்டாலும் சேருவதற்கு முன் பார்க்க வேண்டியது என்ன என்பதுதான் என் பேச்சு. சுருக்கமாக முதலிலேயே சொல்கிறேன்: கதை நல்லதா என்று பார்ப்பதற்கு முன் வாசிப்பவர் யார் என்று பாருங்கள். அச்சில் ராணியாக இருப்பவளைக் குரல் ஒன்று சின்னப் பெண்ணாக்கிவிடும்.

செயலியைத் திறந்ததும் ‘சரித்திரக் காதல்’ என்று ஒரு வரிசை, அதன் கீழே ‘பெண்களின் கதைகள்’ என்று இன்னொன்று. முதல் வரிசையில் பாதி, முதலாளிக்கும் செயலாளருக்கும் நடக்கும் ஒப்பந்தக் கல்யாணக் கதைகள். நாயகன் வீட்டுக்கு ‘அரண்மனை’ என்று பெயர் இருப்பதால் சரித்திரத்தில் சேர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. இரண்டாவது வரிசையில் நிஜமான சரித்திர நாவல்கள் இருக்கின்றன, ஆனால் பலவற்றில் பெண் பெயர் தலைப்பில் மட்டும்தான். உள்ளே போனால் இளவரசன் குதிரையில் வருகிறான், ஒற்றன் புதரில் ஒளிகிறான், பத்து அத்தியாயம் தாண்டி அவள் நந்தவனத்தில் பூப்பறிக்க வருகிறாள். வந்ததும் அவள் புருவத்தை ஒரு பக்கம், இடையை ஒரு பக்கம் என்று வர்ணித்துவிட்டு, மறுபடி குதிரை.

எனக்கு ஒரு சோதனை உண்டு. நாயகன் ஊரில் இல்லாத நாளில் அவள் என்ன செய்கிறாள்? காத்திருக்கிறாள் என்பதுதான் பதில் என்றால் அது அவள் கதை இல்லை. ஓலை எழுதுகிறாளா, கணக்குப் பார்க்கிறாளா, யாரையாவது ஏமாற்றுகிறாளா, தப்பாக ஒரு முடிவு எடுக்கிறாளா, அப்படி ஏதாவது இருந்தால் தொடர்ந்து கேட்பேன்.

அட்டைப்படங்களைப் பற்றி ஒரு தையல்காரி பேசாமல் இருக்க முடியாது. சோழ நாட்டு இளவரசிக்கு முழங்கை வரை கை வைத்த, போட் நெக் ரவிக்கை. அதுவும் பிரின்சஸ் கட். ஒரு படத்தில் முதுகுப் பக்கம் ஜிப் தெரிகிறது, சத்தியமாக. கச்சுக் கட்டுவது பழைய இலக்கியத்தில் வருகிறதுதான். ஆனால் சோழர் காலத்து உமையின் செப்புத் திருமேனிகளைப் பாருங்கள். இடுப்புக்குக் கீழே மடிப்பு மடிப்பாகத் துணி, மேலே ஆரமும் பூணூல் மாதிரி குறுக்கே ஓடும் அணியும். தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில், பிற்காலப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்து 1931-இல் வெளியே வந்த ஓவியங்களில் ஆடும் பெண்களுக்கும் நகைதான் மேலாடை. அதை அப்படியே அட்டையில் போடச் சொல்லவில்லை. ஜிப்பையாவது மறைத்திருக்கலாம்.

நகை என்று வந்துவிட்டதால் இன்னொன்று. அதே கோயில் கல்வெட்டுகளில் தெய்வத் திருமேனிகளுக்குக் கொடுத்த நகைகளை எடை போட்டு, முத்தை வகை வகையாக எண்ணி எழுதியிருக்கிறார்கள்: வட்டம், அனுவட்டம், சப்பத்தி, சிவந்த நீர் என்று. எந்த முத்து எத்தனை என்பதுகூட இருக்கிறது. தான் கொடுத்ததோடு ‘அக்கன் குடுத்தனவும்’ கல்லில் வெட்டச் சொன்னான் ராஜராஜன். அந்த அக்கன்தான் குந்தவை. தந்தைக்கும் தாய்க்கும் திருமேனி செய்து அங்கே எழுந்தருளச் செய்தவள். அவளை வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவி என்று ஒரு கல்வெட்டுத் தொடர் சொல்கிறது. கணவனைப் பற்றி ஏறக்குறைய அவ்வளவுதான் கிடைக்கிறது. கல்கி 1950-இல் தொடங்கி வாரா வாரம் எழுதிய பொன்னியின் செல்வனின் காதல் அந்த ஒரு தொடரிலிருந்து முளைத்தது. என்னைப் போன்றவர்களுக்குச் சரித்திர நாவல் பிடிப்பதே இதனால்தான். கல்லில் ஒரு வரி, மீதியை யாரோ ஒருவர் இட்டு நிரப்புகிறார்.

சரி, குரலுக்கு வருகிறேன். இந்தச் செயலியில் பொன்னியின் செல்வன் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்றில் ஒரே பெண்மணி ஐந்து பாகத்தையும் வாசிக்கிறார். மற்றதில் ஆளுக்கொரு குரல், பின்னணியில் குளம்போசை, கடலலை, வீணை. விளம்பரம் முழுக்க இரண்டாவதற்குத்தான். நான் முதலாவதைக் கேட்கச் சொல்வேன்.

காரணம் குந்தவை. இலங்கைக்கு ஓலை அனுப்புவதும், இன்னாரை நம்பலாம் என்று கணிப்பதும், வீட்டு ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்போது ராஜ்யம் சிதறாமல் பார்ப்பதும் அவள்தான். பல குரல் பதிப்பில் அவள் பேசினால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு மூச்சு, ஒரு சிணுங்கல். வந்தியத்தேவனிடம் ஓலையைக் கொடுக்கும் இடத்தில் ஆபத்தான பயணத்துக்கு ஆள் அனுப்புகிற பெண்ணின் நிதானம் வேண்டாமா? இங்கே பரிசுப் பொருளை நீட்டுகிற மாதிரி சிரிக்கிறாள். தனியாக வாசிக்கும் பெண்மணி வேறு மாதிரி. முதன்மந்திரி அநிருத்தருக்கு என்ன வேகம் வைத்தாரோ அதே வேகத்தைக் குந்தவைக்கும் வைக்கிறார். குரலை மெல்லியதாக்கவில்லை, இனிப்பும் சேர்க்கவில்லை. அதனாலேயே அவள் எங்கேயாவது தடுமாறும்போது நமக்குச் சட்டென்று கேட்டுவிடுகிறது. காதல் என்று நம்புவதற்கு அந்தத் தடுமாற்றம் போதும்.

அதே நாவலில் சூழ்ச்சிக்காரியாக வரும் நந்தினிக்கு இன்னும் பெரிய அநியாயம். பல குரல் பதிப்பில் அவள் வாய் திறக்கும் முன்பே பின்னணியில் மகுடி. இவள் கெட்டவள் என்று இசையமைப்பாளர் தீர்ப்பு எழுதிவிட்டார், கேட்பவருக்கு வேலை இல்லை. நாவல் அப்படி நடத்தவில்லை. அவள் யார் மகள் என்பதையே கடைசி வரை இழுத்துக்கொண்டு போகிறது. பாண்டிய மன்னன் வீரபாண்டியன் உயிருக்காகக் குந்தவையின் அண்ணன் ஆதித்த கரிகாலனிடம் அவள் கெஞ்சியதும், அவன் கேட்காமல் வாளை வீசியதும்தான் அவள் வன்மத்துக்கு வேர். என்னிடம் ஹெம்மிங்கும் கொக்கியும் வைக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். மதிய நேரத்தில் இயர்போனைக் கழற்றிவிட்டு இருவருமாகக் கேட்போம். தனிக்குரல் பதிப்பில் இந்தப் பகுதி ஓடியபோது, “அந்தப் பொண்ணு என்னக்கா தப்பு பண்ணுச்சு? காலைப் பிடிச்சுக் கெஞ்சியும் வெட்டுனவன் இளவரசன், இது மட்டும் சூழ்ச்சிக்காரியா?” என்று கேட்டாள். மகுடியோடு கேட்டிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

அப்புறம் ஊமை ராணி. மந்தாகினி பேசமாட்டாள், ஒலிப்புத்தகத்துக்கு அவள்தான் பெரிய சோதனை. அவள் தன் கதையைக் கல்லில் கோடு கோடாகச் சித்திரம் வரைந்து குந்தவையின் தம்பி அருள்மொழிக்குக் காட்டுகிறாள். கண்ணால் பார்க்க வேண்டியதைக் காதுக்கு எப்படிக் கொடுப்பது? பல குரல் பதிப்பு புல்லாங்குழலைப் போட்டுச் சமாளிக்கிறது, கூடவே சில விம்மல்கள். தனிக்குரல் பெண்மணி ஒவ்வொரு சித்திரத்துக்கும் இடையில் சும்மா நிறுத்துகிறார். ஒரு சித்திரம், இடைவெளி, அடுத்த சித்திரம். குந்தவையின் தந்தை சுந்தர சோழரை நோக்கி வந்த வேலைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும் இடத்திலும் குரல் உயரவில்லை. கையில் இருந்த பட்டுத் துணியில் ஊசி அப்படியே நின்றது. மொத்தத்தில் இந்தச் செயலியில் நான் கேட்டவற்றில் சிறந்த வாசிப்பு இதுதான்.

பல குரல் பதிப்பு ஒரே ஒரு இடத்தில் ஜெயிக்கிறது. கோடிக்கரையில் படகு விடும் பூங்குழலி பாடுவதை அங்கே ஒருவர் நிஜமாகவே பாடுகிறார், நன்றாகவும் பாடுகிறார். தனிக்குரலில் பாட்டு உரைநடையாகப் போய்விடுகிறது.

சிவகாமியின் சபதத்துக்கு ஒரே பதிப்புதான், ஆண் குரல். 1944 முதல் 1946 வரை தொடராக வந்த நாவல். ஒவ்வொரு அத்தியாயத்தையும் கொக்கி போட்டு முடிப்பார் கல்கி. வாரம் முழுக்க வாசகரைக் காக்க வைக்கச் செய்தது ஒலிப்புத்தகத்துக்கு அழகாகப் பொருந்துகிறது. ஒரு கை தைத்து முடிக்கும்போது ஓர் அத்தியாயம் முடியும், அடுத்தது என்ன என்று இன்னொரு கையை எடுப்போம். வாசிப்பவர் அனுபவசாலி. மகேந்திர பல்லவருக்குக் கம்பீரம், நாகநந்திக்கு ஒரு வழுக்கல், எல்லாம் சரி. சிவகாமிக்கு மட்டும் குரலைச் சுருக்கி, கீச்சென்று ஆக்கிவிடுகிறார்.

முதல் பாகத்தில் பொறுத்துக்கொள்ளலாம், அப்போது அவள் ஆயனச் சிற்பியின் செல்ல மகள். சாளுக்கியரின் தலைநகரான வாதாபிக்குப் போன பிறகு காதுக்குப் பொறுக்கவில்லை. பிடித்துக்கொண்டு போன தமிழ் மக்களைச் சவுக்கால் அடிக்கிறார்கள். அடியை நிறுத்த வேண்டுமென்றால் அவள் நாற்சந்தியில் ஆட வேண்டும். ஆடுகிறாள். பிறகு மாறுவேடத்தில் வந்து அழைக்கும் காதலர், பல்லவர் நரசிம்மரோடு போக மறுக்கிறாள், இந்த நகரம் எரிந்த பிறகுதான் வருவேன் என்று. அவளுடைய சொல்லில் ஒரு யுத்தமே தொங்குகிறது. அதைச் செல்லக் குழந்தை அடம்பிடிக்கும் குரலில் வாசித்தால், பிடிவாதத்தால் வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்ட பெண்ணின் கதையாக நாவல் சிறுத்துப்போகிறது. அவமானப்பட்டவள் விலை கேட்கிறாள், அந்த விலை அவளுக்கே திரும்பி வருகிறது, இதுதான் கதை. 642-இல் பல்லவர் படை வாதாபியைப் பிடித்தது சரித்திரம், சிவகாமி கற்பனை. ஆனால் கடைசிப் பாகத்தில், பாண்டிய இளவரசியை மணந்து குழந்தைகளோடு வீதியில் வரும் நரசிம்மரை அவள் பார்க்கும் இடத்தில் எனக்குச் சரித்திரம் தேவைப்படவில்லை. அந்தப் பகுதியை மட்டும் செயலியை மூடிவிட்டுப் புத்தகத்தில் படித்தேன்.

புதியவர்கள் எழுதிச் செயலியிலேயே நேரடியாக வெளியாகும் நாவல்கள் நிறைய. பெண் எழுத்தாளர்கள் அதிகம், அது சந்தோஷம். தரம் ஏற்ற இறக்கம். ஒன்றில் ராஜராஜன் காலத்து அரண்மனைச் சமையலறையில் மிளகாய் வதங்குகிறது, மிளகாயை இங்கே கொண்டுவந்த போர்த்துக்கீசியர் கப்பலேறுவதற்கு ஐந்நூறு ஆண்டு முன்பே. இன்னொன்றில் பல்லவ இளவரசி கண்ணாடி ஜன்னல் வழியாக நிலவைப் பார்க்கிறாள். இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்து விட்டுவிடலாம். எனக்குக் கோபம் வந்தது வேலு நாச்சியாரைப் பற்றிய ஒன்றில்.

காளையார்கோவிலில் 1772-இல் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்படுகிறார். மகளோடு விருப்பாச்சிப் பாளையத்தில் அடைக்கலம், ஹைதர் அலியிடம் உதவி கேட்பது, சிதறிக் கிடந்தவர்களைச் சேர்ப்பது, 1780-இல் சிவகங்கையை மீட்பது. நடுவில் எட்டு ஆண்டு. சொந்த நாடு இல்லாமல், அடுத்தவர் கோட்டையில் இருந்துகொண்டு, யார் எப்போது கைவிடுவார்கள் என்று தெரியாமல் ஒரு பெண் அரசியல் செய்த காலம். நாவலே அந்த எட்டு ஆண்டில்தான் இருக்கிறது. இந்தக் கதை அதை இரண்டு அத்தியாயத்தில் முடித்துவிட்டு, மகளுக்கு ஒரு கற்பனைக் காதலனைக் கொடுத்து அவன் பின்னால் ஓடுகிறது. விதவையான, வயதான பெண்ணை வைத்துக் கதையை இழுக்க முடியாது என்ற பயம். காதல் வேண்டாம் என்று சொல்லும் ஆள் நான் இல்லை, காதலுக்காகத்தான் சந்தாவே கட்டுகிறேன். செத்துப்போன கணவன் மேல் இருக்கும் காதலும் காதல்தானே? அதை எழுதுவதற்கு யாருக்கும் கை வரவில்லை. போதாக்குறைக்கு வாசிப்பவர் விடியோ விளம்பரக் குரலில், எல்லா வரியையும் வீர வசனமாகவே முழங்குகிறார். ஹைதரிடம் உதவி கேட்கும் இடத்திலும் அதே முழக்கம். உதவி கேட்கப் போனவர் அப்படியா பேசியிருப்பார்?

இதற்கு நேர்மாறாக, ராணி மங்கம்மாளைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கும் சின்ன நாவல் என்னை உட்கார வைத்தது. மகன் இறந்து, மருமகளும் போய், கைக்குழந்தையான பேரனுக்காக 1689 முதல் மதுரையை ஆண்டவர். டில்லிக்குத் திறை கட்டிச் சமாளித்தவர், சாலையும் சத்திரமும் போட்டவர் என்று இன்றும் பேர் சொல்கிறார்கள். எழுதியவர் போரைக் குறைத்துக்கொண்டு, பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே வளரும் கசப்பை எடுத்துக்கொண்டார். குழந்தைக்காகப் பிடித்து வைத்திருந்த அதிகாரத்தை, குழந்தை வளர்ந்து நிற்கும்போது திருப்பிக் கொடுக்க மனம் வருமா வராதா என்று கேட்கிறார். வாசிப்பவர் கொஞ்சம் வயதானவர், குரலில் லேசான கரகரப்பு. செயலிக்காரர்கள் தேர்ந்தெடுத்தார்களா, தற்செயலா தெரியாது, இந்தக் கதைக்கு அப்படியே அளவெடுத்தது போல இருக்கிறது. ஆனால் இதைத் தேடினால் கிடைக்காது. ‘குடும்பக் கதைகள்’ வரிசையில் கடைசியில் கிடக்கிறது.

செயலியின் இயக்கத்தைப் பற்றிச் சில விஷயங்கள். பதிவிறக்கிக் கேட்கலாம், இணையம் போனாலும் கதை நிற்காது, நல்லது. விட்ட இடத்தில் தொடர்வது பெரும்பாலும் ஒழுங்காக நடக்கிறது. வேகத்தைக் கூட்டினால் தனிக்குரல் பதிப்பு தாங்குகிறது, பல குரல் பதிப்பில் வீணை தந்தி அறுந்த மாதிரி கேட்கிறது. தூக்க நேரக் கணக்கு இருக்கிறது, ஆனால் ‘இந்த அத்தியாயம் முடிந்ததும் நிறுத்து’ என்ற வசதி இல்லை, வசனத்தின் நடுவில் குரல் அறுந்துபோகும். மெஷின் மோட்டார் சத்தத்தில் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பின்னணி இசை உள்ள பதிப்புகளில் மெல்லப் பேசும் காட்சிகள் எதுவும் காதில் விழாது. அந்தப்புரத்து ரகசியம் எல்லாம் மெல்லத்தானே பேசுவார்கள்.

பெரிய குறை அத்தியாயப் பட்டியல். கல்கி அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆசையாகத் தலைப்பு வைத்தவர். இங்கே வெறும் எண்கள். பொன்னியின் செல்வனில் முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவான அத்தியாயங்கள். ஊமை ராணி வரும் இடத்தை மறுபடி கேட்க வேண்டுமென்றால் தடவித் தடவித்தான் போக வேண்டும். குறிப்பு வைக்கும் பொத்தான் இருக்கிறது, அதற்குப் பெயர் கொடுக்க முடியாது. வாசிப்பவரின் பெயரும் நூல் பக்கத்தில் சின்ன எழுத்தில் அடியில் கிடக்கிறது, அதைத் தொட்டால் அவர் வாசித்த மற்ற நூல்கள் வருவதில்லை. அந்தப் பெண்மணி வேறு என்ன வாசித்திருக்கிறார் என்று நான் தேடிய தேடல் தனிக் கதை.

யாருக்கு இது சரிப்படும்? சமையல், தையல், நீண்ட பேருந்துப் பயணம் என்று கை வேலையாக இருப்பவர்களுக்குத் தாராளமாக. ஏற்கெனவே படித்த நாவலை மறுபடி கேட்க விரும்புபவர்களுக்கு இன்னும் நல்லது, குரல் தப்பாக இருந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். சரித்திர நாவலை முதல் முறையாகத் தொடுபவர்கள், பெண் பேசும் காட்சியாகப் பார்த்து மாதிரி ஒலியை ஐந்து நிமிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள். செயலி கொடுக்கும் மாதிரி எப்போதும் முதல் அத்தியாயத்தின் தொடக்கம், அதில் ஏரியும் குதிரையும்தான் வரும். அவள் பேசுகிற இடத்தை மாதிரியாகப் போடுங்கள் என்று அவர்களுக்கு எழுதியிருக்கிறேன். சந்தாவை நிறுத்தவில்லை. வேலு நாச்சியாரின் அந்த எட்டு ஆண்டை யாராவது ஒழுங்காக எழுதி, அந்தத் தனிக்குரல் பெண்மணியே வாசித்தால், வெளியான அன்றே கேட்பேன்.